எறிதலும் ஏந்துதலும், பெரும்பாலும் குனிந்தெடுத்தலும்

அமெரிக்காவில் கோடைதோறும் நடைபெறும் டிரம் கோர் போட்டிகளில், கொடியும் மரத்துப்பாக்கியும் வாளும் சுழற்றி ஆடும் பிரிவுக்குக் கலர் கார்டு என்று பெயர். டிரம் கோர் என்பது பித்தளை ஊதுகருவிகளையும் தாளக் கருவிகளையும் முதன்மையாகக் கொண்டு, கிளாரினெட், புல்லாங்குழல் போன்றவற்றுக்கு இடமே தராமல், அமெரிக்கக் கால்பந்துத் திடலில் நடந்தும் ஓடியும் இசைக்கும் இளைஞர் குழுவாகும். 'கோர்' என்ற சொல் பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது; எழுதும்போது அதன் இறுதியில் நிற்கும் இரண்டு மெய்கள் உச்சரிக்கும்போது காணாமற்போகின்றன. இத்துறையில் முதன்முதலாகக் கைதவறிக் கீழே விழுந்தவை அவ்விரு எழுத்துகளே என்றும், அவற்றை இன்றுவரை எவரும் குனிந்து எடுக்கவில்லை என்றும் கொள்வதில் பிழையில்லை.

இராணுவ மரபில் 'கலர்' என்பது வண்ணத்தைக் குறிப்பதன்று. ஒரு படைப்பிரிவு தன்னுடையதென்று ஏந்திச் செல்லும் கொடியைக் குறிப்பது. கொடியை ஏந்தியவரும் அவருக்கு இருபுறமும் ஆயுதம் தாங்கி நின்றவரும் சேர்ந்ததே கலர் கார்டு, அதாவது கொடிக்காவல். முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்க வீரர்கள், அமெரிக்கன் லீஜன் போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்களில் கூடி இசைக்குழுக்களை அமைத்தபோதும், பின்னர் தம் ஊர்ப் பிள்ளைகளுக்காக அத்தகைய குழுக்களைப் பேணி வளர்த்தபோதும், இந்தக் காவல் மரபும் உடன்வந்தது. கொடி மண்ணைத் தொடலாகாது என்பதே அக்காவலின் முதல் விதி. மண்ணில் படாமல் காப்பதற்கென்றே தோன்றிய அப்பிரிவு, நடனத்தையும் நாடகத்தையும் மெல்ல மெல்ல உள்வாங்கி, கையிலிருப்பதை வானத்தை நோக்கி எறிந்து பிடிக்கும் கலையாக மாறி, அதைக் கற்பவர் ஒவ்வொருவரும் நாள் முழுவதும் அதை மண்ணில் போட்டுப் போட்டு எடுப்பதையே பயிற்சி என்று அழைக்கும் நிலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இன்று எறியப்படுவது தேசியக் கொடியன்று என்பது ஓர் ஆறுதல். நிகழ்ச்சியின் கருவுக்கேற்ப வண்ணமிட்ட மெல்லிய செயற்கை இழைத் துணியே எறியப்படுகிறது. அதற்கு இத்துறையினர் இட்ட பெயர் 'சில்க்'. பட்டுப்புழுவுக்கும் அதற்கும் யாதொரு உறவுமில்லை.

இக்குழுக்களுக்கான முதன்மை அமைப்பாகிய டிரம் கோர் இன்டர்நேஷனல் 1971இல் தோன்றி, 1972இல் விஸ்கான்சின் மாநிலத்தின் ஒயிட்வாட்டர் என்ற ஊரில் தன் முதல் இறுதிப் போட்டியை நடத்தியது. 2009 முதல் அதன் ஆகஸ்ட் மாத இறுதிச்சுற்று இண்டியானாபொலிஸ் நகரத்தின் லூக்காஸ் ஆயில் அரங்கத்தையே தன் இல்லமாகக் கொண்டிருக்கிறது. கலிபோர்னியாவின் புளூ டெவில்ஸ், ஒஹாயோவின் புளூகோட்ஸ், பாஸ்டன் குருசேடர்ஸ் முதலிய முதல்நிலைக் குழுக்கள் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 150 பேர் இருப்பர். அவர்களுள் முப்பது நாற்பது பேரே கலர் கார்டைச் சேர்ந்தவர்கள். அந்த இடங்களுக்கு 21 வயது வரையுள்ளோரே போட்டியிட முடியும் என்பதால், பிற துறைகளில் வாழ்க்கை தொடங்கும் வயதில் இத்துறையில் பணி ஓய்வு வந்துவிடுகிறது. முதுகுவலி, பழைய காயங்களைப் பற்றிய நினைவுகள், 'எங்கள் காலத்தில்' என்று தொடங்கும் பேச்சு ஆகிய ஓய்வுபெற்றோருக்குரிய இலக்கணங்கள் அனைத்தும் இங்கே 22ஆம் வயதிலேயே முழுமையாக அமைந்துவிடுகின்றன.

தேர்வுக்கு, அதாவது ஆடிஷனுக்கு, ஆயத்தமாகும் ஒருவரை இக்கட்டுரை 'தேர்வர்' என்று குறிப்பிடும். தேர்வரின் கருவிகள் மூன்று. முதலாவதாகிய கொடிக்கம்பு பொதுவாக ஆறடி நீளமுள்ள உலோகக் குழாய். சுழற்சிக்குக் கனம் வேண்டி அதன் இரு முனைகளுக்குள்ளும் இரும்பு போல்ட்டுகளைச் செருகி, மேலே ரப்பர் குமிழால் மூடுவர். ஊன்றுகோலின் அடியில் மாட்டும் அதே வகை ரப்பர் குமிழே இதற்கும் பயன்படுகிறது என்பதை வருங்காலத்தைப் பற்றிய ஒரு நயமான முன்னறிவிப்பாகக் கொள்ளலாம். இரண்டாவதாகிய ரைஃபிள் சுடாது. துப்பாக்கி வடிவில் செதுக்கி, தோல்வாரும் சிறு உலோகத் துண்டும் பொருத்திய வெள்ளை மரக்கட்டை அது. ஒரு கிலோவைச் சற்றே தாண்டும் எடைதான் என்றாலும், அது மேலிருந்து மூக்கின்மீது வந்திறங்கும் வேளையில் எடை பற்றிய அக்கணக்கை எவரும் ஒப்புக்கொள்வதில்லை. மூன்றாவது சேபர் எனப்படும் முனை மழுங்கிய வளைவாள். கைக்குள் நிற்பதற்கு மெல்லியதாகவும் காற்றில் கணிப்பதற்குக் கடினமாகவும் அமைந்தது.

இம்மூன்றையும் சேர்த்துக் காப்பது நான்காவது கருவியாகிய டேப். மரம் பிளவுபடாதிருக்க ரைஃபிளின் உடலெங்கும் வெள்ளை மின்வேலை டேப்பைச் சுற்றுவதும், கம்பின் நடுப்புள்ளியைக் கை தானே கண்டறியும்பொருட்டு அங்கே ஒரு வளையம் சுற்றுவதும், கிழிந்த பழைய அடுக்கை உரிக்காமல் அதன்மேலேயே புதியதை ஒட்டுவதும் மரபு. இவ்வாறு வளரும் அடுக்குகளை, மரத்தின் வயதை வளையங்களைக் கொண்டு அறிவதுபோல எண்ணிப் பார்த்தால், அந்த ரைஃபிள் எத்தனை முறை தரையைக் கண்டது என்பதை ஓரளவு மதிப்பிடலாம். தேர்வர் எவரும் இந்த ஆய்வை ஊக்குவிப்பதில்லை.

பயிற்சிக்கான இடம் அடுத்த சிக்கலாகும். அமெரிக்க வீடுகளின் கூரை பல இடங்களில் எட்டடி உயரமே உடையது. ஆறடிக் கம்பின் நடுவை நெஞ்சளவில், நான்கடி உயரத்தில், பிடித்துச் சுழற்றினால் அதன் மேல்முனை ஏழடியை எட்டும்; எஞ்சுவது ஓரடி. மின்விசிறியும் அலங்கார விளக்கும் தொங்குவது சரியாக அந்த ஓரடிக்குள்தான் என்பதால், பயிற்சி விரைவிலேயே, பெரும்பாலும் ஒரு சிறிய கண்ணாடி ஓசைக்குப் பிறகு, வீட்டின் பின்புறத்துப் புல்தரைக்கு இடம் மாறுகிறது. அங்கே காற்று இருக்கிறது. விரித்த துணி காற்றை வாங்கிக்கொள்ள, கம்பு ஒரு திசையிலும் கை மறு திசையிலும் போகும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது பழமொழி. இத்துறையில் கூடத்துக்குப் பதிலாகக் காற்று, வெயில், கையுறை, டேப் ஒட்டிய விதம், அண்டை வீட்டு நாயின் பார்வை ஆகிய அனைத்தும் கோணலாகிவிடும் வசதி உண்டு.

தேர்வின் உயிர்நாடி டாஸ், அதாவது கருவியைச் சுழலவிட்டு மேலெறிந்து பிடித்தல். ரைஃபிள் காற்றில் ஒருமுறை சுழன்றால் சிங்கிள், இருமுறையானால் டபுள், பிறகு டிரிப்பிள், குவாட். அதற்குமேல் பெயர் வைக்கும் பொறுமை தீர்ந்துபோனதுபோல ஐந்து, ஆறு, ஏழு என்று வெறும் எண்களே நிற்கின்றன. இந்த எண்களே தேர்வர்களிடையே சமூகப் படிநிலையை வகுக்கின்றன. ஆறு எறிபவர் அதைத் தாமாகச் சொல்ல மாட்டார். ஆனால் பேச்சு எதைப் பற்றியதாயினும் அங்கே வந்து சேரும்படி பார்த்துக்கொள்வார்.

டாஸில் உயரம் என்பது விருப்பத்தைப் பொறுத்ததன்று, கணக்கைப் பொறுத்தது. நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் இசை செல்லும்போது, நான்கு எண்ணிக்கைக்குப் பிறகு கைக்குத் திரும்ப வேண்டிய ரைஃபிள் 2 நொடி காற்றில் இருந்தாக வேண்டும்; ஒரு நொடி ஏறி, ஒரு நொடி இறங்குவதற்குக் கையிலிருந்து அது ஏறக்குறைய 5 மீட்டர் உயர வேண்டும். எண்ணிக்கையை மூன்றாகக் குறைத்தால் உயரம் நான்கில் மூன்றாகக் குறையும் என்று நினைப்பது இயல்பே. ஆனால் புவியீர்ப்பு நேரத்தின் இருபடியைக் கணக்கில் கொள்வதால், அது ஏறத்தாழ 2.75 மீட்டராகச் சரிந்துவிடுகிறது. ஒரு வரிசையில் நிற்கும் முப்பது பேரும் ஒரே உயரத்துக்கு எறிந்தால்தான் முப்பது உள்ளங்கைகளிலும் மரம் ஒரே நேரத்தில் இறங்கி 'டப்' என்ற ஒற்றை ஓசை எழும். உயரங்கள் வேறுபட்டால் ஓட்டுக்கூரையில் ஆலங்கட்டி விழும் ஓசைதான் கேட்கும். மல்லாந்து துப்பினால் மார்மேலே விழும் என்று அறிந்த முன்னோர், எந்த எண்ணிக்கையில் விழும் என்பதையும் சொல்லிச் சென்றிருந்தால் இப்பயிற்சி பெரிதும் எளிதாகியிருக்கும்.

பிடிக்கத் தவறுதலுக்கு டிராப் என்று பெயர். அது மூவகைப்படும். கருவியை நோக்கிச் சென்றும் எட்டாத கை முதல்வகை; இதில் வருத்தம் உண்டு, வலி இல்லை. விரல்களை நீட்டி விரித்துக் காத்திருந்து, சுழன்று வரும் மரத்தை விரல்நுனியில் வாங்கிக்கொள்வது இரண்டாம்வகை. இதில் இரண்டும் உண்டு. கருவி உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கியதுமே கண்ணை மூடிக்கொண்டு ஓரடி பின்வாங்கி, அது யாருடையதோ என்பதுபோல் நிற்பது மூன்றாம்வகை. மேலிருந்து ஒரு கட்டை தலையை நோக்கி வரும்போது விலகிக்கொள்ள வேண்டும் என்பது மனித உடல் நெடுங்காலமாகக் கட்டிக்காத்துவரும் அறிவு. அந்த அறிவை மூன்று மாதங்களில் மறக்கச் செய்வதே ஆயத்தத்தின் பெரும்பகுதி.

கைகள் இவ்வாறு கற்றுக்கொண்டிருக்க, கால்களுக்கும் தனிப் பாடம் உண்டு. கலர் கார்டு இன்று பாதிக்கு மேல் நடனமே என்பதால், தேர்வில் பாலே நடனத்தின் அடிப்படைகளும் சோதிக்கப்படும். முழங்காலைப் பாதத்துக்கு நேராக மடித்தல் பிளியே எனவும், பாதத்தைத் தரையில் தேய்த்தபடியே நீட்டுதல் தாந்து எனவும் பெயர்பெறும். இசையின் எண்ணிக்கைக்கு ஏற்ப, மேலுடல் குலுங்காமல், தரையில் வழுக்கிச் செல்வதுபோல ஓடுதல் ஜாஸ் ரன் எனப்படும். கொடியைத் தனியே சுழற்றத் தெரிந்து, தனியே ஓடவும் தெரிந்த ஒருவர், இரண்டையும் சேர்த்துச் செய்ய முற்படும் முதல் நாளில், இரண்டையுமே அறியாதவராகிவிடுகிறார்.

நவம்பர் முதல் ஜனவரி வரையிலான குளிர்மாதங்களில் குழுக்கள் தேர்வு முகாம்களை நடத்துகின்றன. தொலைவிலுள்ளோர் காணொளி அனுப்பவும் பல குழுக்களில் வழியுண்டு. காணொளித் தேர்வு எளிது என்று கருதுவோர் அதை முயன்று பாராதவர். ஒன்றரை நிமிடக் காட்சிக்காக ஒரு பிற்பகல் முழுவதும் படமெடுத்து, டாஸ் சரியாக விழுந்த பதிவில் வாய் கோணியிருப்பதையும், முகம் அழகாக அமைந்த பதிவில் டாஸ் வேலியைத் தாண்டியதையும், இரண்டும் கூடிவந்த ஒரே பதிவில் தம்பி குறுக்கே நடந்துபோவதையும் கண்டறிவதே அதன் நடைமுறை. தேர்வானால் செலுத்த வேண்டிய பல ஆயிரம் டாலர் கட்டணமும், மே மாதம் முதல் ஆகஸ்ட் வரை பள்ளி உடற்பயிற்சிக்கூடத் தரைகளிலும் இரவுப் பேருந்து இருக்கைகளிலும் தூங்க வேண்டியிருப்பதும் பெற்றோருக்கு விளக்கப்படும் வேளையில், 'இவ்வளவு பணம் கொடுத்துத் தரையிலா படுக்க வேண்டும்?' என்ற வினா எழுகிறது. எந்தக் குழுவும் இதற்கு இதுவரை நிறைவான விடையளித்ததில்லை.

முகாம் நாளில் தேர்வர்கள் கருநிற உடையில், தலைமுடியை இறுகக் கட்டி, நெஞ்சில் எண் ஒட்டி வரிசைகளில் நிற்பர். பயிற்றுநர் ஒரு பயிற்சிக் கோவையை இருமுறை செய்துகாட்டிவிட்டு, 'ஐந்து, ஆறு, ஏழு, எட்டு' என்று எண்ணத் தொடங்குவார். இசையுலகில் ஒன்றுக்கு முன்னால் எட்டு வருவது ஏன் என்று வினவ அது நேரமன்று. மூன்றாம் வரிசையில் ஒரு ரைஃபிள் கையைத் தாண்டித் தரையில் விழுந்து, இரண்டு முறை துள்ளி, அடுத்தவரின் காலடியில் நின்றால், மேசைக்குப் பின்னால் குறிப்பெடுப்பவர்கள் ரைஃபிளைப் பார்ப்பதில்லை. விழவிட்டவரின் முகத்தையே பார்க்கிறார்கள். 1980களின் முற்பகுதி வரை நடுவர்கள் திடலுக்குள்ளேயே நடந்து, ஒவ்வொரு பிழைக்கும் ஒரு மதிப்பெண்ணின் பத்தில் ஒரு பங்கைக் கழிக்கும் 'டிக்' முறை வழக்கிலிருந்தது. அதன்படி விழுந்தது விழுந்ததே. இன்றைய முறையில் ஆட்டத்தின் கடினமும் அதை ஆடும் திறமும் சேர்த்தே எடைபோடப்படுவதால், விழுந்ததை எத்தனை எண்ணிக்கைக்குள், எவ்வளவு அமைதியாக, ஆட்டத்தின் ஓர் அங்கமே அது என்பதுபோல எடுத்துத் தொடர்கிறார் என்பதும் ஒரு தகுதியாகிறது. நாக்கைக் கடிப்பவரும், தலையில் அடித்துக்கொள்பவரும், பக்கத்திலிருப்பவரை முறைப்பவரும் தாம் கீழே போட்டதைத் தாமே விளம்பரப்படுத்திக்கொள்கிறார்கள்.

ஆகவே மாதக்கணக்கில் பிடிக்கப் பயின்றதாகக் கருதிய தேர்வர் உண்மையில் பயின்றது குனிந்தெடுத்தலையே என்பது அந்த மேசைக்கு எதிரில்தான் விளங்குகிறது. பழைய கொடிக்காவலர் கொடி விழாமல் காத்தார். இன்றைய காவலர், விழுந்த கணத்தில் முகம் விழாமல் காக்கிறார். பொறுப்பு இடம்மாறியதேயன்றிக் குறையவில்லை.

இவ்வாயத்தத்தின் எச்சமாக வீட்டின் பின்புறத்தில் ஒரு வட்டம் மிஞ்சும். தேர்வர் ஒரே இடத்தில் நின்று எறிந்தும், ரப்பர் குமிழால் குத்தியும், எண்ணற்ற முறை குனிந்தெடுத்தும், புல்லென்பதே இல்லாமற்செய்த மண்வட்டம் அது. இலையுதிர்காலம் முழுவதும் பெற்றோர் அதைச் சுட்டிக்காட்டிக் குறைகூறியிருப்பர். தேர்வாகி மே மாதத்தில் பிள்ளை பேருந்தேறிய பிறகு, மழையும் வெயிலும் மாறி மாறி வர, ஜூலைக்குள் அங்கே புல் மறுபடியும் அடர்ந்துவிடுகிறது. தாம் ஆண்டு முழுவதும் கேட்டது கிடைத்த பின்னரும் அவர்கள் மாலைவேளைகளில் அந்த இடத்தைப் பார்த்தபடி பேசாமல் நிற்பது ஏன் என்பது இக்கட்டுரையின் எல்லைக்குள் அடங்குவதன்று.