இளநீலப் பரீட்சகர்

கீரிமலைக் கேணியில் தோய்ந்து, நகுலேஸ்வரப் பெருமானைத் தரிசித்து, ஈரச் சால்வையைத் தோளிலிட்டபடி ஒருவர் வெறும் இடது மணிக்கட்டைக் கடலுக்கு நேரே நீட்டிக் கண்ணைச் சுருக்கி நிற்கக் கண்டால், பிதிர்க்கடன் செய்ய வந்தவரென்றோ யோகசாதகரென்றோ எண்ணி வணங்கிவிடவேண்டாம். அவர் கைமணிக்கூடு தெரிவுசெய்கிறவர். வாங்குகிறவர் என்று நான் எழுதவில்லை. வாங்குவது அரை நாழிகைக் காரியம்; தெரிவுசெய்வதோ ஆயுட்காலத் தவம்.

அவர் ஆசைப்படுவது விலையுயர்ந்த வஸ்துவன்று. யாழ்ப்பாணத்துக் கடையொன்றின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மலிவான குவாட்ஸ் மணிக்கூடுகளுள், கசியோவில் ஒன்றும் சிற்றிசனில் ஒன்றுமாக இரண்டு இளநீல முகங்கள் அவருடைய நித்திரையைக் கெடுத்துவிட்டன. இரண்டினுள்ளும் நடப்பது ஒரே வித்தைதான்: மின்கலத்தின் தூண்டலால் ஒரு சிறு படிகம் விநாடிக்கு 32,768 தடவை அதிர, அவ்வதிர்வைப் பாதி பாதியாகப் பதினைந்து முறை வகுத்து, விநாடிக்கொரு துடிப்பாக்கி முள்ளை நகர்த்துவது. 1969 மார்கழியில் செய்கோ நிறுவனத்தார் முதன்முதல் விற்பனைக்கு விட்ட குவாட்ஸ் கைமணிக்கூட்டின் விலைக்கு அன்று ஜப்பானில் ஒரு சிறிய மோட்டார்க்காரே வாங்கலாமாம். இன்றோ அந்தச் சீமான்களின் நேரம் தோட்டக்காரர் கையிலும் ஓடுகிறது. ஆகவே நேரத்தில் பேதமில்லை, பேதமெல்லாம் நீலத்திலேதான் என்பது நம்மவர் சித்தாந்தம்.

நீலத்துக்குப் பிரமாணம் கீரிமலைக் கடல். அதன் நிறத்தை நெஞ்சில் ஏற்றிக்கொண்டு பஸ் ஏறுகிறார். பட்டணம் போய்ச் சேர்வதற்குள் அது கரைந்துபோகிறது. காலைக் கடலுக்கு ஒத்த முகம் மத்தியானக் கடலுக்கு ஒவ்வாது. மாரியில் வாடைக்காற்று எழுந்து நீரைக் கலக்கிவிட்டாலோ இரண்டு கம்பனியாருமே தோற்றுப்போகின்றனர்.

"தம்பி, 30 மீற்றர் தண்ணி தாங்குமெண்டு போட்டிருக்கு. கேணிக்கை கட்டிக்கொண்டு இறங்கலாமோ?"

"கூடாது ஐயா. கை கழுவேக்கை தெறிக்கிற தண்ணிக்குத்தான் அது."

"அப்ப மிச்ச மீற்றர் எங்கை போச்சு?"

கேள்வி நியாயமானதே. கேணிக்கு அத்தனை ஆழமில்லை என்பதை அவர் சொல்லாமல் விட்டது பெருந்தன்மை.

1996 இல் அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணி முன்தள்ளி, அவ்வாண்டிலேயே அரை மணி பின்னிழுத்து, 2006 சித்திரையில் பழைய இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்தியதால், பத்து வருஷம் "பழைய நேரமோ, புது நேரமோ?" என்று கேட்டே காரியம் பார்த்த தலைமுறையைச் சேர்ந்த அவர் மணிக்கூட்டை நம்புவதில்லை, பூசை மணியைத்தான் நம்புகிறார். நம்பத்தகாத பொருளுக்கு அழகாவது இருக்கவேண்டாமா என்று அவர் வாதிக்கும்போது மறுமொழி சொல்ல எனக்கு நா எழுவதில்லை.

கடைசியில் கடைக்காரர் பொறுமையிழந்து, "ரெண்டையும் கொண்டுபோய் ஒரு கிழமை கட்டிப்பாருங்கோ ஐயா, ஒண்டைத் திருப்பித் தாங்கோ" என்று கையளித்துவிட்டார். கைக்கொன்றாகக் கட்டிக்கொண்டு உலாவியவர், கிழமை முடிவதற்குள் இரண்டுக்குமிடையே மூன்று விநாடி வித்தியாசம் கண்டார். மாதத்துக்கு இருபது விநாடிவரை முன்பின்னாவது இவ்வகைக்கு இயல்பென்பதை அவர் ஏற்கவில்லை. நீலத்தின் வழக்கு அத்துடன் தள்ளுபடியாகி, எது பொய் சொல்கிறது என்ற வழக்குத் தொடங்கிற்று. சாட்சிக்கு மூன்றாவதொன்று வேண்டுமென்று அவர் கடைக்குப் போய் நிற்க, சாட்சிக்குத்தானே, சாதாரண வெள்ளை முகம் போதுமென்றார் கடைக்காரர்.

"வெள்ளையெண்டால், எந்த வெள்ளை தம்பி?"