கைவிறைப்பியல்: ஹட் பே களத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் களமும்

மார்கழி விடியலில் சைக்கிள் மிதிப்பவருக்கும் வெட்டவெளியில் வேலை பார்ப்பவருக்கும் கை விறைக்கிறது. விறைத்த கைக்கு பிரேக் பிடிபடாது, மணி அடிக்க விரல் மடங்காது, டீக்கு நீட்டிய சில்லறை தரையில் உருளும். இக்கேட்டுக்கு மருந்து காண்பது இவ்வாய்வின் நோக்கம். ஆய்வுக் களமாக லிட்டில் அந்தமான் தீவின் ஹட் பே தேர்ந்தெடுக்கப்பட்டது.

"அங்கேதான் குளிரே கிடையாதே?" என்று சிலர் கேட்கக்கூடும். மெய்தான். மன்னார்குடியிலிருந்து நேர் கிழக்கே ஒரு கோடு இழுத்தால், வங்கக் கடலைத் தாண்டி ஏறக்குறைய ஹட் பே ஜெட்டியில் வந்து முட்டும். இங்கே தை மாத நள்ளிரவிலும் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆனால் குளிரில்லாத ஊரில் குளிரை ஆராய்வதில் ஒரு வசதி உண்டு. ஆய்வாளனுக்குக் கை விறைக்காது. ஆகவே எழுத முடியும்.

2. முன்னோர் மொழி

கை விறைப்பு குறித்த நம் பழைய சான்று பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை. மழைக்கு மேட்டு நிலம் ஏறிய கோவலர் கையில் நெருப்பேந்திக் குளிர்காய்ந்தும் அவர்கள் தாடை நடுங்குவதை நக்கீரர் பதிவு செய்கிறார். வெளிப்புறத் தொழிலாளரின் கைப் பாதுகாப்பு பற்றிய முதல் ஆவணம் இது என்று சொல்ல இவ்வாய்வாளன் தயங்கமாட்டான். அவர்களிடம் சைக்கிள் இருந்ததாகக் குறிப்பில்லை.

இரண்டாம் சான்று சத்திமுத்தப் புலவர். மதுரையில் வாடைக்காற்றில் அகப்பட்டு, போர்த்தத் துணியில்லாமல், தம் கைகளையே உடம்புக்குப் போர்வையாக்கிக்கொண்டவர். கோவலரின் கைக்குச் சூடு தேவைப்பட்டது. புலவரின் கையோ சூடு கொடுத்தது. எனவே கை என்பது குளிர்காயும் உறுப்பா, குளிர் காக்கும் உறுப்பா என்பதில் தமிழ் மரபு இரு பிரிவாக நிற்கிறது. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகன் இதில் நடுநிலை வகித்தான். மயிலுக்குக் கை இல்லை.

மூன்றாவது, சொல்லாராய்ச்சி. 'கையுறை' என்றால் இன்று கிளவுஸ். சங்க இலக்கியத்தில் அது தலைவன் தலைவிக்குக் கையில் கொண்டுவரும் தழையும் பூவும், அதாவது பரிசு. அதைத் தோழி வேண்டாம் என்று தள்ளுவதற்கென்றே 'கையுறை மறுத்தல்' என்று ஒரு துறை உண்டு. இந்தத் துறை கீழே 5ஆம் பிரிவில் எதிர்பாராத விதமாகப் பயன்படும்.

3. விரல் நுனிக் கோட்பாடு

கை ஏன் விறைக்கிறது? மக்கள் கையைக் குற்றம் சொல்கிறார்கள். கை நிரபராதி. உடம்பு குளிரத் தொடங்கியதும், இதயம், மூளை முதலிய தலைமையகங்களைக் காப்பதற்காக உடம்பு முதலில் செய்யும் காரியம், விரல்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்குவது. விரலில் தசை மிகக் குறைவு. தானாகச் சூடு உண்டாக்கிக்கொள்ள வழியில்லை. அனுப்பிய ரத்தம்தான் அதற்கு ரேஷன். ரேஷன் நின்றால் விறைப்பு.

இந்த இடத்தில் ஹட் பேவாசிகள் தலையாட்டுவார்கள். ஸ்ரீ விஜயபுரத்துக்கும் (2024 வரை போர்ட் பிளேயர்) இவ்வூருக்கும் நடுவே சுமார் 120 கிலோமீட்டர் கடல். கடல் கொந்தளித்தால் கப்பல் வராது. கப்பல் வராவிட்டால் தக்காளி வராது. தக்காளி இல்லாத மூன்றாம் நாள் ரசத்தைப் பார்த்தவருக்கு, ரத்தம் வராத விரலின் மனநிலையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. உடற்கூற்றியல் கல்லூரிகள் தம் மாணவர்களை ஒரு புயல் வாரத்துக்கு இங்கே அனுப்பிவைக்கலாம்.

இக்கோட்பாட்டின் நடைமுறைப் பயன் பெரிது. தலைமையகம் நிம்மதியாக இருந்தால்தான் தொலைதூரத் தீவுக்குக் கப்பல் கிளம்பும். கை சூடாக இருக்க வேண்டுமானால் முதலில் வயிறும் மார்பும் கழுத்தும் காதும் சூடாக இருக்க வேண்டும். மூன்று ஜோடிக் கையுறை போட்டுக்கொண்டு மெல்லிய சட்டையில் கிளம்புகிறவர், தலைமையகத்தைப் பட்டினி போட்டுவிட்டுத் தீவில் கிடங்கு கட்டுகிறவர்.

கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து 1970-களில் இத்தீவில் குடியேற்றப்பட்ட குடும்பங்களின் பெரியவர்கள் 22 டிகிரியில் மங்கி கேப்பும் மப்ளரும் அணிவதைத் தமிழர்கள் சிலர் கேலி செய்கிறார்கள். மேற்படிக் கோட்பாட்டின்படி கேலிக்குரியவர்கள் தமிழர்களே.

4. காற்றுச் சூத்திரமும் ஒரு விபரீதமும்

சைக்கிள்காரருக்குக் கூடுதல் இடர், அவரே உண்டாக்கும் காற்று. பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்னும் இருவர் அண்டார்க்டிகாவில் தண்ணீர் உறையும் நேரத்தை அளந்து, காற்று குளிரை எவ்வளவு கூட்டுகிறது என்று 1945இல் எழுதினார்கள். 2001இல் அமெரிக்காவும் கனடாவும் அதைத் திருத்திப் புதுச் சூத்திரம் வெளியிட்டன.

இவ்வாய்வாளன் அச்சூத்திரத்தில் ஹட் பேயின் விடியலை இட்டுப் பார்த்தான். வெப்பம் 24 டிகிரி, சைக்கிள் வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர். விடை 25.2 டிகிரி. அதாவது ஹட் பேயில் சைக்கிள் மிதித்தால் காற்றுப் பட்டு உடம்பு சூடாகிறது! உலக அறிவியலைப் புரட்டிப்போடும் இக்கண்டுபிடிப்பை வெளியிடப் போகும் தறுவாயில், சூத்திரத்தின் அடியில் ஒரு வரி கண்ணில் பட்டது: 10 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்துக்கு இது பொருந்தாது. அந்த வரியை இன்னும் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தால் இக்கட்டுரை வேறு விதமாகப் போயிருக்கும்.

ஆயினும் இவ்வூரிலும் கை சில்லிடும் ஒரு சந்தர்ப்பம் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் நனைந்தபடி பட்லர் பே கடற்கரைப் பக்கம் மிதித்துப் போனால் தெரியும். ஒரு கிராம் தண்ணீர் தோலிலிருந்து ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஈரமும் காற்றும் கூட்டுச் சேர்ந்தால் மன்னார்குடி அட்சரேகையும் காப்பாற்றாது.

5. களப்பணி

ஆய்வுக்குக் கருவி வேண்டி, குன்னூர்த் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் மைத்துனனிடம் பேசினேன். "மச்சான், இங்க பனியில கொழுந்து கிள்ளுறவங்களுக்கே வெரல் மரத்துப்போகுது. உங்களுக்கு அங்க சுத்திலும் கடல் காத்து. நான் அனுப்புறேன்" என்றான். கம்பளிக் கையுறை ஒரு ஜோடி, கப்பல் நின்ற நாட்களையும் தாண்டி, ஒரு வழியாக வந்து சேர்ந்தது.

அதை மாட்டிக்கொண்டு ஜெட்டிவரை மிதித்ததில் உள்ளங்கை வியர்த்து, ஹேண்டில் பார் வழுக்கி, ஒரு கோழி உயிர் தப்பியது. பிறகு அதை யாருக்காவது கொடுத்துவிட முயன்றேன். கடையில் மறுத்தார்கள். பக்கத்து வீட்டில் மறுத்தார்கள். கையுறை மறுத்தல் துறைக்கு இத்தனை புதிய சான்றுகள் ஒரே காலையில் கிடைத்தது ஆய்வுலகுக்கு லாபம்.

கடைசியாகப் போனது மீன்கார அண்ணனிடம். ஹட் பேயில் கை உண்மையாகவே விறைக்கும் தொழில் ஒன்று உண்டென்றால் அது இதுதான். விடியுமுன் ஐஸ் பெட்டிக்குள் முழங்கைவரை விட்டு மீனை அடுக்கி, பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டி, ஈரக் கையோடு காற்றில் மிதித்துப் போகிறார். அவரும் கையுறையை வாங்கவில்லை. "ஐஸ்ல கைய விட்டா மொதல்ல உயிர் போற மாதிரி கடுக்கும் தம்பி. அஞ்சாறு நிமிசம் தாங்கிட்டா உள்ளேருந்து ஒரு சூடு வரும் பாரு. திரும்பக் கடுக்கும், திரும்ப வரும்" என்றார்.

தாமஸ் லூயிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் விரல்களைப் பனி நீரில் அமுக்கி 1930இல் எழுதியதும் இதுவே: சுருங்கிய குழாய்கள் சற்று நேரத்தில் தாமாகத் திறந்து, மூடி, மறுபடி திறக்கின்றன. விரல் அழுகாமலிருக்க உடம்பு விடும் அவசரக் கப்பல் அது. நாள்தோறும் குளிரில் மீன் அறுப்பவர்களின் கைகளில் இந்தத் திறப்பு மற்றவர்களைவிடச் சீக்கிரம் வருவதை 1962இல் பிரிட்டனில் கண்டறிந்தார்கள். அண்ணன் போன்றவர்களுக்கு அதற்கு முன்பே தெரிந்திருக்கும். அவர்களை யாரும் கேட்கவில்லை.

6. பரிந்துரைகள்

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் வாசகர்களின் உடனடிப் பயனுக்கு:

முதலில் உடம்பை மூடு, அப்புறம் கையை. விரலுக்கு ஓர் அறை என்று தனிக்குடித்தனம் வைக்கும் உறையைவிட, நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் பை உறை மேல். கூட்டுக் குடும்பத்தில் சூடு பங்கிடப்படுகிறது. உறை இறுக்கமாக இருந்தால் வருகிற ரத்தமும் நிற்கும். கம்பளிக்கு மேல் காற்றுப் புகாத மெல்லிய உறை ஒன்று வேண்டும். பிரேக் பிடியின் இரும்பு விரலின் சூட்டை உறிஞ்சும். சைக்கிள் கடையில் பழைய டியூப் வாங்கிச் சுற்றவும். நின்ற இடத்தில் கையைச் சக்கரமாகச் சுழற்றினால் ரத்தம் நுனிக்கு ஓடும். பக்கத்தில் ஆள் இல்லாததைப் பார்த்துக்கொள்ளவும். மரத்த கையை நெருப்பருகே கொண்டுபோக வேண்டாம், சுடுவது தெரியாது. கோவலர் முறை இலக்கியத்துக்கு மட்டும்.

ஹட் பே வாசகர்களுக்குப் பரிந்துரை ஒன்றே: மழையில் நனையாதீர்கள்.

7. முடிவு

கையுறையை இறுதியில் வங்காளி தாதா (அண்ணன்) ஒருவரின் டீக்கடையில் ஏற்றுக்கொண்டார்கள். கொதிக்கிற கெட்டிலை இறக்க அதைவிட நல்ல சாமான் இந்தத் தீவில் இல்லையாம்.