வெயிலில் ஐஸ் விரித்த பெருமக்களே!

வெயில் ஊர்களில், திறந்த வானத்தின் கீழ், ஐஸ் ஹாக்கி நடத்திக் காட்டும் பெருமக்களே! உங்கள் பெருமையைச் சொல்ல ஆளில்லாமல் போய்விடக் கூடாது என்றே எழுத வந்தேன்.

குளிர் நாட்டில் ஐஸ் தளம் போடுவது என்ன பெரிய காரியம்? கனடாவின் பிராண்ட்ஃபோர்ட் நகரில் வால்டர் கிரெட்ஸ்கி என்ற டெலிபோன் கம்பெனி ஊழியர், வீட்டுக் கொல்லையில் தண்ணீரைத் தெளித்துவைப்பார். மிச்ச வேலையை இரவுக் குளிர் பார்த்துக்கொள்ளும். டிக்கெட் கிடையாது, வாடகை கிடையாது. அவர் மகன் வேய்ன் அந்தத் தளத்தில் சறுக்கிப் பழகித்தான் ஹாக்கி உலகமே கொண்டாடும் ஆட்டக்காரரானார். இயற்கை கொடுப்பதை வாங்கிக்கொள்ள யாராலும் முடியும். அது கொடுக்க மறுத்ததைப் பிடுங்கிக்கொள்ள உங்களால்தான் முடிந்தது.

1991 செப்டம்பர் 27 அன்று அதே வேய்ன் கிரெட்ஸ்கியை நெவாடா பாலைவனத்துக்கு அழைத்துப் போனீர்கள். லாஸ் வேகாஸ் நகரில், சீசர்ஸ் பேலஸ் சூதாட்ட விடுதியின் கார் நிறுத்துமிடத்தில் ஐஸ் விரித்தீர்கள். ஆட்டம் தொடங்கியபோது வெப்பம் 29 டிகிரி செல்சியஸ். அவர் ஆடிய லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் அணி நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியை 5-2 என்று வென்றது. பதின்மூவாயிரம் பேர் பணம் கொடுத்துப் பார்த்தார்கள். பணம் கொடுக்காதவர்களையும் நீங்கள் ஒதுக்கவில்லை. விளக்கு வெளிச்சத்தைத் தேடி வந்த வெட்டுக்கிளிகள் கூட்டம் கூட்டமாக ஐஸில் விழுந்து ஒட்டிக்கொண்டன. உலகின் சிறந்த ஆட்டக்காரர்கள் அவற்றின் மீதே சறுக்கி ஆடினார்கள். பாலைவனத்துப் பூச்சிக்கும் குளிர்காலம் காட்டிய கருணை வேறு யாருக்கு வரும்!

உங்கள் கைவண்ணத்தையும் சொல்ல வேண்டும். 200 அடி நீளம், 85 அடி அகலம், ஏறக்குறைய 2 அங்குலக் கனம் என்று ஐஸ் தளம் அமைக்கிறீர்கள். மைதானத்தின் மேல் அலுமினியத் தட்டுகளைப் பரப்பி, லாரியில் வந்த குளிர்பதன இயந்திரத்திலிருந்து கிளைக்கால் என்ற உறைதடுப்பான் கலந்த குளிர்நீரை அவற்றினுள் ஓட விடுகிறீர்கள். இரவெல்லாம் தண்ணீரைத் தூவித் தூவி மெல்லிய படலம் படலமாக உறைய வைக்கிறீர்கள். விடிந்ததும் வெயில் படாமல் பளபளக்கும் போர்வையைப் போட்டு மூடுகிறீர்கள். கைக்குழந்தையைக்கூட இப்படிப் பொத்திப் பொத்தி வளர்க்க மாட்டார்கள். ஐஸிலிருந்து எடுக்கும் வெப்பத்தை இயந்திரம் விழுங்கிவிடுவதில்லை. தான் எரித்த சக்தியின் வெப்பத்தையும் சேர்த்து வெளிக்காற்றில் விடுகிறது. குளிரை வாங்கிக்கொண்டு, ஊருக்குக் கூடுதல் வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். வெயில் ஊருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

காலம் பார்த்துச் செய்வதிலும் உங்களை மிஞ்ச ஆளில்லை. 2014 ஜனவரி 17 அன்று கலிஃபோர்னியா ஆளுநர் ஜெர்ரி பிரவுன் வறட்சி அவசரநிலையை அறிவித்தார். தண்ணீர்ச் செலவை 20 சதவீதம் குறைத்துக்கொள்ளும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார். அடுத்த எட்டாம் நாள், ஜனவரி 25 அன்று, லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர் ஸ்டேடியம் என்ற பேஸ்பால் மைதானத்தில் உங்கள் ஐஸ் ஆட்டம். அந்த அளவில் ஒரு தளம் போடக் கணக்குப்படி எழுபதாயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். பெருநகரத்தின் ஒரு நாள் செலவில் இது ஒரு துளி என்பது உண்மைதான். ஆனால் தண்ணீர்ச் செலவைக் குறைக்கச் சொன்ன ஊரில், தண்ணீரை ஊற்றி உறைய வைத்து ஒரு மாலை வேடிக்கை காட்டும் துணிவு, அது துளியல்ல, கடல்.

அந்த மாலையின் விருந்தை எப்படி மறப்பது? மைதானத்தில் மணல் கொட்டிப் பீச் வாலிபால் ஆட வைத்தீர்கள். கிஸ் ராக் குழுவை மேடையேற்றினீர்கள். 54,099 பேர் கூடினார்கள். அனஹைம் டக்ஸ் அணி 3-0 என்று கிங்ஸ் அணியை வென்றது. கோல் விழுந்ததை எல்லாரும் நேரில் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி. பேஸ்பால் மைதானத்து இருக்கைகள் பெரும்பாலும் பந்தடிப்பவர் நிற்கும் மூலையைப் பார்த்து அமைந்தவை. நடுவே ஐஸ் தளத்தை வைத்தால் கீழ்வரிசையில் இருப்பவருக்கு விளிம்புப் பலகைதான் கண்ணில் படும். மேல்வரிசையில் இருப்பவருக்கு ஆட்டக்காரர்களே பொடியாகத் தெரிவார்கள். இந்த ஆட்டத்தின் பக் 3 அங்குல விட்டமும் 1 அங்குலக் கனமும் உள்ள ரப்பர் வில்லை. அதை அவ்வளவு தூரத்தில் வைத்துவிட்டுப் பெரிய திரையில் காட்டினீர்கள். வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தே பார்க்கக்கூடிய காட்சியை, மைதானம் வரை வந்து பணம் கட்டிப் பார்க்கும் பேற்றை ரசிகருக்குத் தந்தீர்கள்.

அதே மாதம் முதல் தேதி மிச்சிகன் மாநிலம் ஆன் ஆர்பரில் ஒரு திறந்தவெளி ஆட்டம் நடந்தது. பனி கொட்டக் கொட்ட ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கம்பளிக்குள் சுருண்டு உட்கார்ந்து பார்த்தார்கள். தளத்தை உறைய வைக்க அங்கும் இயந்திரம் இருந்தது. ஆனால் வானமும் கை கொடுத்தது. உறைந்த ஏரியிலும் குளத்திலும் பிறந்த ஆட்டத்தைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போகும் அர்த்தம் அதில் இருந்தது. அந்த அர்த்தத்தையும் சுமந்துகொண்டு ஆடத் தேவையில்லை என்று ஆட்டத்தை விடுவித்தவர்கள் நீங்கள்.

பிறந்த வீட்டின் நிலைமை என்ன? ஒட்டாவா நகரின் ரீடோ கால்வாய் குளிர்காலத்தில் 7.8 கிலோமீட்டர் நீளச் சறுக்குப் பாதையாக உறையும். 1970-71 குளிர்காலத்திலிருந்து ஆண்டு தவறாமல் திறந்த அந்தப் பாதை, 2022-23 குளிர்காலத்தில் ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. ஐஸ் போதிய கனத்துக்கு உறையவே இல்லை. குளிர்காலம் சூடேறச் சூடேறக் கொல்லைத் தளங்களும் உறையும் நாட்கள் குறைகின்றன. வால்டர் கிரெட்ஸ்கி மகனுக்குக் கொடுத்ததை இன்றைய தகப்பன் கொடுக்கத் தவிக்கிறான். ஐஸ் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போகும் காலத்தில், இருக்கவே முடியாத இடத்தில் அதை உண்டாக்கி எங்கள் கவலையைத் தீர்த்த பெருமக்களே, உங்கள் புகழ் இத்துடன் போதும்.

இனி நேராகவே சொல்கிறேன். ஐஸ் ஹாக்கி வெயில் ஊர்க்காரருக்கும் சொந்தமான ஆட்டம்தான். அதே லாஸ் வேகாஸில் 2017-ல் களமிறங்கிய கோல்டன் நைட்ஸ் அணி 2023-ல் ஸ்டான்லி கோப்பையை வென்றது. அந்த அணி அந்தக் கோப்பையை வென்றது கூரையுள்ள அரங்கில். வெயிலுக்கு நடுவில் அல்ல. வெயில் ஊரில் குழந்தைகள் சறுக்கக் கற்க வேண்டுமானால் அதற்கு வேண்டியது பேட்டைக்கு ஒரு கூரைத் தளம், குறைந்த கட்டணம், வாடகைக்குச் சறுக்குக் காலணி, கற்றுத்தர ஒருவர். ஒரு மாலைக்கு உறைந்து மறுநாள் வடிகாலில் போகும் தளத்தால் எந்தக் குழந்தையும் சறுக்கக் கற்பதில்லை.

திறந்தவெளி ஆட்டத்தைக் குளிர் ஊருக்கே விட்டுவிடுங்கள். டொரண்டோவிலும் கலிஃபோர்னியாவிலும் இருந்து இதைப் படிக்கும் அன்பர்களே, அடுத்த முறை வெயில் ஊரில் ஐஸ் ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கக் கை நீளும்போது, அந்தப் பணத்தை உங்கள் பேட்டையில் ஒரு பிள்ளையின் சறுக்குப் பயிற்சிக்குக் கட்டுங்கள். ஹாக்கி வளர்வது அங்கேதான்.