தண்ணீர் காட்டிய மாரத்தான்கள்

1904, செயிண்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தான். ஆகஸ்ட் மாத வெயில், புழுதிச் சாலை, நாற்பது கிலோமீட்டர் ஓட்டம். உடம்பில் நீர் வற்றினால் மனிதன் என்ன ஆவான் என்று பார்க்க அமைப்பாளர் ஜேம்ஸ் சல்லிவனுக்கு ஓர் அறிவியல் ஆசை. அதனால் வழியில் தண்ணீர் கிடைக்கும் இடங்களை விரல்விட்டு எண்ணும் அளவுக்கு அடக்கிவிட்டார். ஓடத் தொடங்கியவர்கள் 32 பேர். முடித்தவர்கள் 14 பேர். வென்ற தாமஸ் ஹிக்ஸ் தண்ணீர் கேட்டபோது வாயை மட்டும் நனைத்துவிட்டார்கள். பிறகு முட்டை வெள்ளைக்கருவில் ஸ்டிரிக்னின் கலந்து கொடுத்தார்கள், அதற்குமேல் பிராந்தி. நஞ்சுக்குத் தாராளம், தண்ணீருக்குத்தான் கஞ்சத்தனம்!

உலகம் பின்னர் திருந்தியது. கொஞ்சம் அதிகமாகவே திருந்தியது. 1965-இல் புளோரிடா பல்கலைக்கழகத்தில் கேட்டரேட் என்ற விளையாட்டுப் பானம் பிறந்தது. காலப்போக்கில், தாகம் வருமுன்னே குடித்துவிட வேண்டும் என்பது வேதவாக்கானது. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. அளவுக்கு மீறிக் குடித்து, புறப்பட்டபோது இருந்ததைவிட எடை கூடி வந்து சேர்ந்தவர்களிடம்தான் அந்தக் கோளாறு அதிகம். மாரத்தான் ஓடி எடை போடுவதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும்.

இரண்டு கோடிகளையும் தொட்டுவிட்டு வல்லுநர்கள் இப்போது சொல்வது: தாகம் எடுத்தால் குடியுங்கள், தணிந்தால் நிறுத்துங்கள். ஆட்டுக்குட்டிக்கே தெரிந்த இந்த யோசனையில் ஒரே ஒரு குறை. புட்டியில் அடைத்து விற்க முடியாது.