இரண்டு குதிரைக்கு நடுவே மவுண்ட் ரோடு

பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்த அக்கா பிள்ளைகளுக்கு மெட்ராஸைச் சுற்றிக் காட்டும் வேலை என் தலையில் விழுந்தது. பீச்சும் மாலும் யார் வேண்டுமானாலும் காட்டுவார்கள். நான் மவுண்ட் ரோட்டைக் காட்டுகிறேன் என்று மார் தட்டினேன். "ரோட்டையா?" என்றாள் பெரியவள். "எங்க ஊர்லயும் ரோடு இருக்கு மாமா. ஆனா அதை யாரும் டூர் கூட்டிட்டுப் போக மாட்டாங்க."

பிராட்வேயில் பிங்க் பஸ் ஏறினோம். பெண்களுக்கு இலவசம் என்பதால் பெரியவளுக்கு ஃப்ரீ, எனக்கும் சின்னவனுக்கும் காசு. இது என்ன நியாயம் என்று அவன் முறைத்துக்கொண்டிருக்கும்போதே தீவுத்திடல் பக்கம் மன்றோ வந்துவிட்டார்.

சர் தாமஸ் மன்றோ, 1820 முதல் 1827 வரை கவர்னர். நல்ல மனுஷர் என்று பெயர். 1839-ல் சிலை வைத்தார்கள். குதிரைக்குச் சேணமும் கிடையாது, அங்கவடியும் கிடையாது. சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி அங்கவடியை மறந்துபோய், அந்த அவமானத்தில் உயிரையே விட்டுவிட்டார் என்பது நம் ஊர்க் கதை. உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே மனிதர் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நாலாம் ஜார்ஜ் ராஜாவையும் இப்படித்தான் மொட்டைக் குதிரையில் ஏற்றி வைத்திருக்கிறார். வெலிங்டன் பிரபுவுக்கும் அதே கதி. மூன்று தடவையா ஒருத்தர் மறப்பார்? ஸ்டைல் ஐயா, ஸ்டைல்!

"அப்ப அவர் எப்படி இறங்குவார்?" என்றான் சின்னவன். நூற்றெண்பது வருஷத்துக்கு மேலாக மன்றோவும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

கூவத்தைத் தாண்டினால், உள்ளே தள்ளி ராஜாஜி ஹால். திப்பு சுல்தானை ஜெயித்ததைக் கொண்டாட எட்வர்ட் கிளைவ் எழுப்பி, 1802-ல் முடித்த விருந்து மண்டபம். இவர் அந்த கிளைவ் இல்லை, அவருடைய பிள்ளை. அப்பா சண்டை போட்டுப் பேர் வாங்கினார், பிள்ளை பந்தி போட்டார். பிளான் போட்ட ஜான் கோல்டிங்காம் யார் என்று நினைக்கிறீர்கள்? வானியல் நிபுணர்! நட்சத்திரம் பார்க்கிறவரிடம் வீட்டு பிளான் கேட்கும் வழக்கம் நமக்கு மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அதே கோல்டிங்காம், கோட்டையிலும் பரங்கிமலையிலும் சுடும் பீரங்கியை வைத்து ஒலியின் வேகத்தையே அளந்தவர். வெளிச்சம் தெரிந்ததும் எண்ண ஆரம்பித்து, சத்தம் கேட்டதும் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் டெக்னிக். இன்றைக்கு அவர் இந்த ரோட்டில் வந்து நின்றால், ஹார்ன் சத்தத்தில் பீரங்கி வெடித்ததே தெரியாது.

ஹிக்கின்பாதம்ஸ் வந்தது. 1844-ல் தொடங்கிய புத்தகக் கடை. நிறுவியவர் கப்பலில் டிக்கெட் இல்லாமல் ஒளிந்து வந்து, பிடிபட்டு, மெட்ராஸில் இறக்கிவிடப்பட்டவர் என்று ஒரு கதை உண்டு. பின்னாளில் இதே ஊருக்கு ஷெரீஃபும் ஆனார். சின்னவன் கையிலிருந்த டிக்கெட்டை உற்றுப் பார்த்தான். "நாமளும் வாங்காம வந்திருக்கலாம் மாமா."

அடுத்து என் துருப்புச்சீட்டு: எல்.ஐ.சி. பில்டிங். 1959-ல் திறந்தபோது இந்தியாவிலேயே உயரமான கட்டடம், 177 அடி. இதை அண்ணாந்து பார்க்கவே வெளியூரிலிருந்து ஜனங்கள் வருவார்கள். சினிமாவில் ஹீரோ கிராமத்திலிருந்து பட்டணம் வந்துவிட்டான் என்று சொல்ல வசனமே வேண்டாம், இதைக் காட்டினால் போதும். நான் கண் கலங்கும் கட்டத்தில் இருந்தேன். பெரியவள் மாடிகளை எண்ணி முடித்துவிட்டு, "நாங்க இருக்கிறதே 19-வது மாடி" என்றாள்.

ஸ்பென்சர் பிளாசா மாலும் எடுபடவில்லை. அது எரிந்த கதையைச் சொல்லலாம் என்றால் பஸ் அதற்குள் தாண்டிவிட்டது. கடைசியில் என் மானத்தைக் காப்பாற்றியது ஒரு பள்ளம். 2017-ல் மெட்ரோவுக்குச் சுரங்கம் தோண்டும்போது சர்ச் பார்க் பள்ளி அருகே ரோடு வாயைப் பிளந்து ஒரு பஸ்ஸையும் காரையும் உள்ளே இழுத்துக்கொண்டது என்றேன். இரண்டு பேரும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டாத குறை. "மறுபடி எப்ப விழும் மாமா?"

மேம்பாலத்தடியில் இரண்டாவது குதிரை. முரண்டு பிடிக்கும் குதிரையை ஒரு ஆள் இழுத்து நிறுத்துகிறார். 1974-ல் குதிரைப் பந்தயத்தை ஒழித்ததற்கு அடையாளம். வழக்கு நடந்து நடந்து, 1996-ல் உச்ச நீதிமன்றம் பந்தயம் சூதாட்டம் இல்லை, திறமை என்று சொல்லிவிட்டது. கிண்டியில் குதிரைகள் ஓடின. இங்கே இருப்பதற்கு மட்டும் யாரும் தீர்ப்பைப் படித்துக் காட்டவில்லை போலிருக்கிறது.

பாலத்துக்கு அண்ணா மேம்பாலம் என்று பெயர். கண்டக்டர் சட்டை செய்யவே இல்லை. "ஜெமினி, ஜெமினில்லாம் இறங்கு!"

இறங்கினோம். சின்னவன் நாலு பக்கமும் தேடினான். "ஜெமினி எங்க மாமா?"

"அது ஒரு பழைய சினிமா ஸ்டுடியோடா. இப்ப இல்ல. அந்த இடத்துல ஹோட்டல் வந்தாச்சு."

"அப்ப எதுக்கு இங்க இறங்கினோம்?"