8096-ஆம் நம்பர் வாசல்

எய்யா, ஒன் சாமர்த்தியத்த மெச்சாம இருக்க முடியுமா? பரணுல கெடந்த பழைய கம்ப்யூட்டர எறக்கித் தூசி தட்டி, பெரிய ஹார்டு டிஸ்க்கா ஒண்ணு மாட்டி, கல்யாண வீடியோ, கோயில் கொட வீடியோ, கறுப்பு வெள்ளப் படம் அம்புட்டையும் ஏத்தி வச்சிருக்கே. ஆச்சி இங்ஙன டிவில சிவாஜி படம் பாக்கா. நீ பெங்களூர்ல பஸ்ல நின்னுக்கிட்டே போன்ல பாக்கே. அதுக்குத் தனியா பப்ளிக் ஐ.பி. வேணும்னு நெட்டுக்காரனுக்கு மாசாமாசம் துட்டு வேற அழுதே. திருடனுக்கு வழி தெரியாமப் போயிரக் கூடாதுல்லா!

எனக்கு என்ன தெரியும், டெலிபோன் கம்பி இழுத்தே காலத்த ஓட்டுன கெழவன். பொழுது போகலன்னு ஒன் ரௌட்டருக்குள்ள எட்டிப் பாத்தேன். யூசரும் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். மறந்துறக் கூடாதுன்னு வச்சிருக்கே, சமத்து. உள்ள போனா 8096-ஆம் நம்பர் வாசல ஒலகத்துக்கே தொறந்து போட்டிருக்கே. படத்தையெல்லாம் நெட்டு வழியா ஓட்டிக் காட்டுற ஜெல்லிஃபின் சர்வர் குடியிருக்குற வாசல் அதுதானாம்லா.

ஒனக்கு இதச் சொல்லிக் குடுத்த சேக்காளி என்ன சொன்னான்? அதே வேலையப் பாக்குற பிளெக்ஸ்னா கம்பெனிக்காரன் வேவு பாப்பான், ஜெல்லிஃபின் ஓப்பன் சோர்ஸ், யாரும் வேவு பாக்க மாட்டான், பாதுகாப்புன்னு சொன்னாம்லா. முன்பாதி சரிதான். வேவு பாக்க ஆளில்லாத வீட்ல காவலுக்கும் ஆள் இருக்காதுங்கறத மட்டும் அந்தப் பய சொல்லல பாத்தியா.

பிளெக்ஸ் கதைய எடுத்துக்கோ. சர்வர் ஒன் வீட்லதான். ஆனா உள்ள வர்றவன் யாருன்னு கம்பெனிக்காரன்கிட்ட கேட்டுத்தான் விடும். அதுல சொகம் இருக்கு. எச்டிடிபிஎஸ் சர்டிபிகேட் அவனே தருவான், ரெண்டாவது பூட்டா ஓ.டி.பி. வச்சுக்கலாம். ஆனா ஊரு சாவியெல்லாம் ஒரே ஆணில தொங்குனா களவாணி எங்க போவான்? 2022 ஆகஸ்டுல போனான். மெயிலு, யூசர் பேரு, ஹாஷ் பண்ணுன பாஸ்வேர்டுன்னு அள்ளிட்டுப் போயிட்டான். எல்லாரும் பாஸ்வேர்ட மாத்துங்கன்னு கம்பெனி ஓலை விட்டுது. 2025 செப்டம்பர்ல மறுபடியும் அதே ஓலை. அதே வருசந்தான் வெளியூர்ல இருந்து சொந்தப் படத்தப் பாக்கவும் துட்டு வேணும்னுட்டான்.

நடுவுல 2023 நவம்பர்ல ஒரு கூத்து. நீ வாரம் பூரா என்ன பாத்தேன்னு ஒன் சேக்காளிகளுக்கு மெயில் போக ஆரம்பிச்சுது. நீயா தேடிப் போயி நிறுத்தலன்னா போய்க்கிட்டே இருக்கும். ராத்திரி ஒரு மணிக்கு மேல பாத்ததெல்லாம் பட்டியல்ல வந்து, கொஞ்சப் பேரு நாண்டுக்கிடாத கொறதான். நீ அப்படிப்பட்ட பய இல்ல, எனக்குத் தெரியும். சும்மா சொல்லுதேன்.

இதெல்லாம் கெடக்கட்டும். லாஸ்ட்பாஸ் கதைய நின்னு கேளு. ஒலகத்துல உள்ளவன் பாஸ்வேர்டையெல்லாம் பூட்டி வைக்கதே தொழிலா வச்சிருக்க கம்பெனி அது. உள்ளுக்குள்ள முக்கியமான பெட்டகத்துக்குச் சாவி நாலே நாலு இன்ஜினியர்கிட்டதான். அதுல ஒருத்தன் ஒன்ன மாதிரிப் படப் பிரியன். வீட்டுக் கம்ப்யூட்டர்ல பிளெக்ஸ் போட்டிருந்தான். அந்த பிளெக்ஸுல ஒரு ஓட்டை. ஓட்டைய அடச்சு 2020 மே மாசமே புது வெர்சன் விட்டாச்சு. நம்மாளு அப்டேட் பண்ணல. நாளைக்குப் பாப்போம், நாளைக்குப் பாப்போம்னு ரெண்டு வருசத்துக்கு மேல ஓட்டிட்டான். அதுக்குள்ள எழுவத்தஞ்சு வெர்சன் வந்து போயிருச்சுன்னு பிளெக்ஸ்காரன் பெறவு கணக்குச் சொன்னான். 2022-ல களவாணி அந்த வழியா எறங்கி, தட்டுற எழுத்தையெல்லாம் குறிச்சுக்கிட்டு, மாஸ்டர் பாஸ்வேர்டோட கம்பெனிப் பெட்டகத்தையே தொறந்துட்டான்.

கவனிச்சியா? வந்தவன் ஒரு படத்தையும் தொடல. படத்துக்கா வந்தான்? நீ ஆபீஸ் லேப்டாப்ப இந்த வீட்டு வைஃபைலதான மாட்டி உக்காருதே? இந்த டிஸ்க்குலதான வீட்டுப் பத்திரம், ஆதாரு, அப்பாவோட பேங்க் பேப்பரு எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி 'முக்கியம்'னு பேரு வச்சு ஃபோல்டர் போட்டிருக்கே? தேடுறவனுக்குச் சிரமம் குடுக்கக் கூடாதுன்னு நெனக்க மனசு யாருக்குய்யா வரும்!

சரி, எம்பின்னு இன்னொரு சர்வர் இருக்கு, அதுக்கு வருவோம். ஜெல்லிஃபினுக்குத் தாய்வீடு அதுதான். 2018 கடைசில எம்பிக்காரன் கோட மூடி வைக்கப் போக, கோவிச்சுக்கிட்டுப் பிரிஞ்சு வந்தது ஜெல்லிஃபின். எம்பியில ஒரு ஓட்டை இருந்துது. வெளியூர்க்காரன் ஒரு பொய்ய எழுதி அனுப்பிச்சான்னா, இவன் வீட்டுக்குள்ளதான் இருக்கான்னு சர்வர் நம்பிரும். வீட்டாளுக்கு என்னத்துக்குப் பாஸ்வேர்டுன்னு அட்மின் கணக்கச் சும்மா விட்டிருந்தவன் கதி அதோகதி. 2020-லயே தெரிஞ்ச ஓட்டை. 2023 மே மாசம் களவாணி அந்த வழியாப் போயி வெசப் பிளகின போட்டுட்டான். அந்தானிக்கு கம்பெனி என்ன செஞ்சுதுங்கே? அந்தப் பிளகின் இருக்க சர்வரையெல்லாம் ஒரு அப்டேட்ட அனுப்பி அமத்திப் போட்டுட்டு. ஒன் வீட்டுப் பொட்டிய எங்கயோ இருக்கவன் அமத்துதான். காப்பாத்துனான்னு கும்பிடவா, எங்கூட்டுக்குள்ள ஒனக்கென்னல சோலின்னு சண்டைக்குப் போகவா? எனக்கு ரெண்டும் தோணிச்சு.

ஜெல்லிஃபின்ல அந்தச் சண்டைக்கே வழியில்ல. அமத்தவும் ஆளில்ல, எழுப்பிவிடவும் ஆளில்ல. நல்ல பயலுவ, துட்டு வாங்காம ஒழைக்கான், கொற சொன்னா நாக்கு அழுகிரும். ஆனா எல்லா வாசல்லயும் அது 'நீ யாரு'ன்னு கேக்கதில்ல. சில வழில, படத்தோட அடையாள எண்ணு தெரிஞ்சாப் போதும், லாகின் இல்லாமலே ஓடும். அந்த எண்ணு, படம் எந்த ஃபோல்டர்ல என்ன பேர்ல இருக்குங்கறத வச்சு உருவாகுறது. எல்லாப் பயலும் ஒரே பாடத்தப் பாத்து ஒரே மாதிரி ஃபோல்டர் போட்டா, வெளியில இருக்கவன் ஊகிச்சுப் பாக்கலாம்லா? இத நான் கண்டுபிடிக்கல. அவனே வருசக்கணக்கா பட்டியல் போட்டு வெளிச்சத்துல வச்சிருக்கான். திருத்துனா பழைய டிவி ஆப்பெல்லாம் படுத்துரும்னு தயங்குதான். மறைக்காம சொல்லுதான், அது பெரிய கொணம். நீ படிக்கல, அது ஒன் கொணம்.

அப்போ எத வைக்கங்கே? ஜெல்லிஃபினே இருக்கட்டும். 8096-அ மட்டும் இன்னைக்கே ரௌட்டர்ல அடைச்சிரு. யுபிஎன்பின்னு ஒண்ணு இருக்கும், ஒன்ன கேக்காமலே வாசல் தொறந்துவிடுற தர்மப்பிரபு, அதையும் நிறுத்து. வெளியூர்ல பாக்கணும்னா வயர்கார்டுன்னு ஒரு வி.பி.என். இருக்கு, அதப் போடு. 2020 மார்ச்சுல லினக்ஸ் கெர்னலுக்குள்ளயே சேத்துட்டாவ. சரியான சாவி இல்லாதவன் தட்டுனா பதிலே சொல்லாது, உள்ள ஆள் இருக்கான்னே தெரியாது. பப்ளிக் ஐ.பி.க்கு இனிமேலும் துட்டு அழ மனசில்லன்னா அதே வேலைக்கு டெயில்ஸ்கேல் இருக்கு. அங்கயும் கணக்கு வைக்க ஒரு கம்பெனி வந்துரும், மொறைக்காத.

படம் இருக்க ஃபோல்டர சர்வருக்குப் படிக்க மட்டும் குடு, எழுத வேண்டாம். நாளைக்கே ஒருத்தன் புகுந்தாலும் ஒங்க அம்மா கல்யாண வீடியோவ அழிக்க முடியாது. அந்த 'முக்கிய'த்தத் தூக்கி வேற எங்கயாச்சும் வையி.

சித்தப்பா டிவில வயர்கார்டெல்லாம் ஏறாதுங்கியா? நெசந்தான். அவருக்குப் பாஸ்வேர்டு மறந்தா ராத்திரி பத்து மணிக்கு ஒனக்குப் போன் வரும். அப்படிச் சொந்தபந்தம் பூராவுக்கும் தொறந்துவிடணும்னா பிளெக்ஸுக்கே போ, நான் சிரிக்க மாட்டேன். கம்பெனிக்காரன் அசட்டையா இருந்தா ஒரு ஓலையாவது வரும். நீ அசட்டையா இருந்தா யாரு ஓலை விடுவா? அப்டேட் பண்ணுன்னு ஜெல்லிஃபின் காட்டுற சேதிய எத்தன மட்டம் தள்ளிவிட்டேன்னு நான் கேட்டனா? கேக்கல.

கடைசியா ஒண்ணு. ஜெல்லிஃபின் யூசர் பட்டியலப் பாத்தேன், ஒங்க அத்தானுக்கு அட்மின் குடுத்திருக்கே. வெறும் யூசரா இருந்தவனே அட்மின் ஆவுற மாதிரி ஒரு ஓட்டைய 2023 ஏப்ரல்லதான் 10.8.10 வெர்சன்ல அடச்சாவ. நீ அந்தச் சிரமம்கூட வைக்காம நேராவே குடுத்துட்டே. அத்தானோட பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். நான் ஒண்ணும் ஹேக் பண்ணல. மக பேரும் பொறந்த வருசமும். அவுக புல்லட்டுக்குப் பின்னாடி பெயிண்ட்ல எழுதிருக்காவல்லா, அதேதான்.