காடு வளக்கப் போறியாக்கும்!

வா கண்ணு, உக்காரு. வால்பாறையில எஸ்டேட்டு வாங்கிட்டியாமே? பள்ளத்துல துண்டுச் சோலை ஒண்ணு, அதுக்குக் கீழ சதுப்பு ஒண்ணு கெடக்குதாமே? அதைய மீட்கப் போறியாமே? சந்தோசம். ட்ரோன் வாங்கியாச்சா? முதுகுல எழுத்துப் போட்ட பனியன் அடிச்சாச்சா? ஜூன் 5-ஆந்தேதி மந்திரி வந்து நடறாராக்கும்! மழை எறங்குச்சா இல்லையான்னு அவருக்கென்ன கவலை?

சரி, என்ன மரம்? சில்வர் ஓக்கா! அது ஆஸ்திரேலியாவுல இருந்து வந்தது கண்ணு, தேயிலைக்கு நெழலுக்கு வெச்சது. அதைய கயிறு புடிச்சு வரிசையா நட்டுட்டுக் காடுன்னா, சோலைமந்தி வந்து எதைத் திங்கும்? உன்ற பெயர்ப்பலகையையா? அதுக்கு வெடிப்பலா வேணும். இருவாச்சிக்கு அத்தி வேணும், கருங்குங்கிலியம் வேணும். 1890-கள்ல இருந்து வெட்டித் தேயிலை வெச்சாங்களே, அதுக்கு முன்ன இங்க என்ன நின்னுச்சு? அந்தத் துண்டுச் சோலைக்குள்ள போயி அண்ணாந்து பாரு. அதான் பட்டியல்.

படிச்சவங்க எல்லாரையும் சேத்துச் சொல்லலை. நேச்சர் கன்சர்வேசன் ஃபவுண்டேசன்காரங்க இருவது வருசத்துக்கு மேல இங்க இதே வேலையா இருக்காங்க. ரோட்டோரம் விழுந்து வீணாப்போற விதையைப் பொறுக்கி, நாத்து விட்டு, தோட்டக் கம்பெனிகளோட பேசி, அவங்க நெலத்துலயே நடறாங்க. உண்ணிச்செடியை வெட்டறப்ப அதுக்கடியில தானா மொளைச்ச காட்டு நாத்தை ஒதுக்கி விடறாங்க பாரு, சூட்சுமமே அங்கதான். நீ என்ன பண்ணுவே? ஜேசிபி விட்டு எல்லாத்தையும் வழிச்சுப் போட்டுட்டு, அப்பறம் அதே நாத்தைக் காசு குடுத்து வாங்குவே.

சதுப்புல படகு விடலாம்னியாம். கரை கட்டி, சிமெண்டு பூசி, நாலு வாத்து விட்டு... ஏங்கண்ணு, ஆடி மழையக் குடிச்சு வெச்சுக்கிட்டு மாசி பங்குனியில கொஞ்சங் கொஞ்சமா ஓடைக்கு விடறது அந்தச் சேறுதான். உன்ற குழாய்ல வர்ற தண்ணி பின்ன எங்கிருந்து வருதுன்னு நெனச்சே? எப்பவோ தேயிலைக்குத் தண்ணி வடியட்டும்னு வெட்டுன வாய்க்கா அதுல ஓடுதா பாரு. கல்லும் மண்ணும் போட்டு அதைய அடை. கோரை தானா வரும். பொறவு காட்டுமாடு வரும். அப்ப ராத்திரி வனத்துறைக்குப் போன் போட்டு அழுவாதே. நீதானே கூப்பிட்டே?

நட்டது பொழைக்கோணும்னா ரெண்டு மூணு வருசம் களை எடுக்கோணும். பனியன் போட்டவன் எவன் வருவான் அதுக்கு? பெயர்ப்பலகைக்கு எடுத்து வெச்ச காசு இருக்குதில்ல, அதைய களை எடுக்கற அம்மணிகளுக்குக் கூலியாக் குடு. பலகைய எப்படியும் யானை சாய்ச்சுப் போடும்.